கில் பண்ணாலும் திரும்பத் திரும்ப வருதா? லினக்ஸ் சர்வரில் தானாக ஓடும் ப்ராசஸை நிறுத்துவது எப்படி? முழு விளக்கம்

தினமும் பகல் 11.55 மணி. சொல்லி வைத்த மாதிரி உங்கள் கடையின் வெப்சைட் மெதுவாகிறது. பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வாடிக்கையாளர் போன் போட்டு "என்னங்க, சைட் ஓப்பனே ஆகலை" என்கிறார். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. மறுநாள் அதே நேரம், அதே தொல்லை.

இன்னொரு காட்சி. வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில், பெயரே தெரியாத ஒரு ப்ராசஸ் சிபியு முழுவதையும் சாப்பிடுகிறது. அதை நிறுத்துகிறீர்கள். ஒரு நிமிஷம்கூட ஆகலை, திரும்ப வந்து நிற்கிறது. மறுபடி நிறுத்துகிறீர்கள். மறுபடி வருகிறது.

முதல் காட்சியில் இருப்பது பெரும்பாலும் சர்வரே செய்யும் வழக்கமான பராமரிப்பு வேலை. இரண்டாவது, திருடன் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டையும் பிடிக்கும் வழி ஒன்றுதான். ஓடுகிற ப்ராசஸை மட்டும் பார்க்காமல், அதை எழுப்பிவிடுவது யார் என்று தேட வேண்டும். எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம் வாங்க.

கமாண்ட்களை இங்கே உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில், இடைவெளி, கோடு எல்லாம் அப்படியே வருமாறு டைப் செய்யுங்கள். 'சிடிஎல்', 'இடிசி' போன்றவை தனித்தனி எழுத்துகள்.

கில் பண்ணா ஏன் சாகாமல் திரும்ப வருது?

போனில் ஒரு ஆப்பை ஸ்வைப் செய்து மூடுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் அதே ஆப்பிலிருந்து நோட்டிபிகேஷன் வருகிறது. மூடின ஆப் எப்படி பேசுது? "இத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை என்னை எழுப்பு" என்று அது ஏற்கெனவே ஆண்ட்ராய்டிடம் சொல்லி வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

சர்வரிலும் இதே கதைதான். 'கில்' என்ற கமாண்ட், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை மட்டும் நிறுத்தும். அதை அடுத்த முறை எழுப்பச் சொல்லி எழுதி வைத்திருக்கும் பட்டியலை அது தொடாது. வயலில் கோரைப்புல்லை மேலோடு அறுத்தால் நாலு நாளில் மறுபடி முளைக்குமே, அதே மாதிரி. கிழங்கோடு எடுத்தால்தான் வேலை முடியும்.

அந்தக் கிழங்கு லினக்ஸில் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, கிரான். இன்னொன்று, சிஸ்டம்டி.

கிரான் என்றால் என்ன?

குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் பழைய, நம்பகமான புரோகிராம்தான் கிரான். 1979-ல் வந்த யூனிக்ஸ் 7-வது பதிப்பிலேயே இது இருந்தது. 1987-ல் பால் விக்ஸி எழுதிய வடிவம்தான் பிறகு லினக்ஸ் உலகில் பரவலானது. பேக்கப் எடுப்பது, பழைய லாக் ஃபைல்களைச் சுருக்குவது, அறிக்கை அனுப்புவது எல்லாம் இன்றும் பல இடங்களில் இதன் பொறுப்பு.

கிரான் தன் வேலைகளை 'கிரான்டேப்' என்ற பட்டியலில் வைத்திருக்கும். ஒரு வரிக்கு ஒரு வேலை. வரியின் தொடக்கத்தில் ஐந்து இடங்கள் இருக்கும்:

1. நிமிடம்
2. மணி
3. மாதத்தின் தேதி
4. மாதம்
5. வாரத்தின் கிழமை

அதற்குப் பிறகு, ஓட வேண்டிய கமாண்ட். நட்சத்திரக் குறி போட்டால் 'எல்லாமே' என்று அர்த்தம். 0 2 * * * என்றால் தினமும் அதிகாலை 2 மணி. */5 * * * * என்றால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 2 மணிக்கு ஒருமுறை பேக்கப் எடுக்க நினைத்து, நிமிடத்தின் இடத்தில் 0 போடாமல் நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். * 2 * * * என்றால் '2 மணிக்கு' என்று அர்த்தம் இல்லை. 2.00-லிருந்து 2.59 வரை ஒவ்வொரு நிமிடமும் என்று அர்த்தம். ஒரு பேக்கப்புக்குப் பதில் 60 பேக்கப். விடியறதுக்குள்ள டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் படுத்துவிடும்.

இன்னொரு பொறி, தேதியையும் கிழமையையும் சேர்த்துப் போடுவது. 0 9 1 * 1 என்று எழுதினால், '1-ம் தேதி திங்கள்கிழமையாக இருந்தால் மட்டும்' என்று கிரான் புரிந்துகொள்ளாது. ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதியும் ஓடும், ஒவ்வொரு திங்களும் ஓடும்.

ஆக, தேவையில்லாமல் திரும்பத் திரும்ப ஓடும் வேலை என்றதும் ஹேக்கரை மட்டும் சந்தேகப்படாதீங்க. நாமே தப்பாக எழுதிய வரியாகவும் இருக்கலாம்.

11.55 மணி ரகசியம் என்ன?

முதல் காட்சிக்கு வருவோம். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில்தான் ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது.

டெபியன், உபுண்டு சர்வர்களில் 'கிரான்.டெய்லி' என்ற ஃபோல்டரில் உள்ள தினசரி வேலைகள் காலை 6.25-க்குத் தொடங்கும்படி அமைக்கப்பட்டுள்ளன (அனக்ரான் என்ற துணை புரோகிராம் இருந்தால் அந்த வேலையை அது எடுத்துக்கொள்ளும்). சர்வர் யுடிசி நேரத்தில் இருந்தால், 6.25 என்பது நமக்குப் பகல் 11.55. ஆள் இல்லாத நேரம் என்று நினைத்து வைக்கப்பட்ட வேலை, இங்கே வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் ஓடுகிறது.

உபுண்டுவின் தானியங்கி அப்டேட் வேலையும் இதே போலத்தான். அது காலை 6 மணிக்கு, ஒரு மணி நேரம்வரை தாமதமாகி ஓடும்படி வைக்கப்பட்டுள்ளது. யுடிசி சர்வரில் அது நம் நேரப்படி 11.30-லிருந்து 12.30-க்குள் வந்து விழும்.

எனவே முதலில் 'டேட்' என்று டைப் செய்து, சர்வர் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். 'டைம்டேட்சிடிஎல்' என்ற கமாண்ட், டைம் ஜோனையும் சேர்த்துக் காட்டும். தொல்லை வரும் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் வேலை: எதையும் அழிக்காதீங்க, குறிச்சுக்கோங்க

பதற்றத்தில் ஃபைலை அழித்துவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்ற தடயமும் சேர்ந்து போய்விடும். முதலில் ப்ராசஸ் எவ்வளவு இடைவெளியில் திரும்ப வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். அந்த இடைவெளியே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

* நிறுத்திய சில நொடிகளிலேயே திரும்ப வந்தால்: கிரானாக இருக்க வாய்ப்பு குறைவு. கிரானின் மிகச் சிறிய அளவே ஒரு நிமிடம்தான். 'விழுந்தால் மறுபடி தூக்கிவிடு' என்று அமைக்கப்பட்ட சர்வீஸாக இருக்கலாம். அல்லது ஒன்றை ஒன்று காவல் காக்கும் இரண்டு ப்ராசஸ்களாக இருக்கலாம்.

* நிமிடம் மாறும் அந்த நொடியில் சரியாக வந்தால்: கிரான் மேல் முதல் சந்தேகம்.

* நேரம் கொஞ்சம் முன்பின் ஆனால்: சிஸ்டம்டி டைமராக இருக்கலாம். அதில் வேண்டுமென்றே சிறிது தாமதம் சேர்க்கும் வசதி உண்டு.

* சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் வந்தால்: பூட் ஆகும்போது ஓடும் சர்வீஸ். அல்லது கிரான்டேப்பில் '@ரீபூட்' என்று தொடங்கும் வரி.

* யாராவது லாகின் செய்யும்போது மட்டும் வந்தால்: அந்த யூசரின் 'பேஷ்ஆர்சி', 'ப்ரொஃபைல்' போன்ற தொடக்க ஃபைல்களைப் பாருங்கள்.

எழுப்புறது யாருன்னு கண்டுபிடிப்பது எப்படி?

'டாப்' கமாண்ட் கொடுத்தால், அதிகம் சிபியு சாப்பிடும் ப்ராசஸ் மேலே வரும். அதன் இடது ஓரத்தில் உள்ள எண்தான் பிஐடி. அது 4321 என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்டெப் 1: 'பிஎஸ் -இஎஃப்' கொடுங்கள். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் பக்கத்தில் அதன் தாய் ப்ராசஸின் எண்ணும் வரும். தாய் யார் என்று பார்த்தாலே சில சமயம் விடை தெரிந்துவிடும். ஆனால் தாய் எண் 1 என்று இருந்தால் ஏமாந்துவிடாதீங்க. உண்மையான தாய் முடிந்துபோனால், அநாதையான ப்ராசஸ் பெரும்பாலும் 1-ம் எண்ணின் கீழ் போய்ச் சேரும்.

ஸ்டெப் 2: 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் 4321' கொடுங்கள். பலருக்கும் தெரியாத, மிகவும் பயனுள்ள வழி இது. அந்த ப்ராசஸ் எந்த சர்வீஸின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று காட்டும். 'கிரான்.சர்வீஸ்' என்று வந்தால், கிரான் எழுப்பியது என்று தெரிந்துவிட்டது. வேறு சர்வீஸ் பெயர் வந்தால் அதுதான் காரணம்.

ஸ்டெப் 3: 'எல்எஸ் -எல் /பிராக்/4321/எக்ஸ்ஈ' கொடுங்கள். ப்ராசஸ் என்ன பெயர் வைத்துக்கொண்டாலும், அது ஓடும் உண்மையான ஃபைல் எங்கே இருக்கிறது என்று இது காட்டும். 'டெம்ப்' ஃபோல்டரிலிருந்து ஓடினாலோ, ஃபைலுக்குப் பக்கத்தில் 'டெலீட்டட்' என்று வந்தாலோ உஷார் ஆகிவிடுங்கள். கெர்னலின் சொந்த ப்ராசஸ்களுக்கு இப்படி ஒரு ஃபைலே இருக்காது. கெர்னல் ப்ராசஸ் போல பெயர் வைத்திருக்கும் ஒன்றுக்கு ஃபைல் இருந்தால், அது வேஷம்.

எங்கெல்லாம் தேடணும்?

பலரும் 'கிரான்டேப் -எல்' கொடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றதும் தேடுவதை விட்டுவிடுகிறார்கள். அது உங்கள் யூசரின் பட்டியலை மட்டும்தான் காட்டும். முழுப் பட்டியல் இதோ:

1. ரூட் யூசரின் கிரான்டேப்: 'சுடோ கிரான்டேப் -எல்'.

2. மற்ற யூசர்களின் கிரான்டேப்: 'சுடோ கிரான்டேப் -யு' போட்டு, யூசர் பெயர் கொடுத்து, பிறகு '-எல்'. குறிப்பாக வெப் சர்வர், டேட்டாபேஸ் ஓடும் யூசர் பெயர்களை விட்டுவிடாதீங்க. சைட் வழியாக உள்ளே நுழைபவர்களுக்கு முதலில் கிடைப்பது அந்த யூசரின் அதிகாரம்தான். இந்தப் பட்டியல்கள் எல்லாம் டெபியன், உபுண்டுவில் '/வார்/ஸ்பூல்/கிரான்/கிரான்டேப்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். ரெட் ஹேட் வகையில் '/வார்/ஸ்பூல்/கிரான்'.

3. பொதுக் கிரான்டேப்: '/இடிசி/கிரான்டேப்' என்ற ஃபைல்.

4. '/இடிசி/கிரான்.டி' ஃபோல்டர். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும்போது அவை தாமாகப் போட்டு வைக்கும் வேலைகள் இங்கே இருக்கும். நேரத்துக்குப் பிறகு, எந்த யூசராக ஓட வேண்டும் என்ற பெயரும் இந்த வரிகளில் வரும்.

5. '/இடிசி'-க்குள் இருக்கும் கிரான்.ஹவர்லி, கிரான்.டெய்லி, கிரான்.வீக்லி, கிரான்.மன்த்லி ஃபோல்டர்கள்.

6. சிஸ்டம்டி டைமர்கள்: 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் --ஆல்'. கடைசியாக எப்போது ஓடியது, அடுத்து எப்போது ஓடும், எந்த சர்வீஸை எழுப்பும் என்று ஒரே திரையில் காட்டும்.

7. யூசர் அளவிலான டைமர்கள்: 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் லிஸ்ட்-டைமர்ஸ்'. இது தனிப் பட்டியல். ரொம்ப பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

8. ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகள்: 'ஏடிக்யூ'. ஒருமுறைதானே என்று விடக்கூடாது. ஓடி முடிக்கும்போது தன்னையே அடுத்த நேரத்துக்குப் பதிவு செய்துகொள்ளும் வேலைகளும் உண்டு.

லாக் என்ன சொல்லுது?

கிரான் ஒரு வேலையைத் தொடங்கும்போது பொதுவாக நேரம், யூசர் பெயர், கமாண்ட் மூன்றையும் லாகில் எழுதி வைக்கும். உபுண்டு, டெபியனில் 'ஜர்னல்சிடிஎல் -யு கிரான்' கொடுங்கள். ரெட் ஹேட் வகையில் 'கிரான்' என்பதற்குப் பதில் 'கிரான்டி'. அங்கே '/வார்/லாக்/கிரான்' என்ற ஃபைலையும் பார்க்கலாம்.

தொல்லை வந்த நிமிடத்தையும், அந்த நிமிடத்தில் லாகில் உள்ள வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளியின் பெயர் அங்கேயே எழுதியிருக்கும்.

கண்டுபிடிச்சாச்சு, இப்போ நிறுத்துவது எப்படி?

வரிசை முக்கியம். முதலில் அலாரத்தை நிறுத்துங்கள், பிறகு ப்ராசஸை நிறுத்துங்கள். கிரான்டேப்பிலிருந்து வரியை எடுத்தாலும், ஏற்கெனவே ஓடத் தொடங்கியது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தனியாக 'கில்' செய்ய வேண்டும்.

கிரான் வேலை என்றால்: மாற்றும் முன் 'கிரான்டேப் -எல்' காட்டுவதை ஒரு ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு 'கிரான்டேப் -இ' கொடுத்துத் திறந்து, அந்த வரியின் தொடக்கத்தில் # குறி போடுங்கள். வரி அப்படியே இருக்கும், ஆனால் ஓடாது. இரண்டு நாள் பார்த்து, எதுவும் கெடவில்லை என்றால் வரியை எடுத்துவிடலாம்.

கவனம்: '-இ' என்பதற்குப் பதில் கை தவறி '-ஆர்' அடித்துவிட்டால், முழு கிரான்டேப்பும் அழிந்துவிடும். "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தைகூட கேட்காது. கீபோர்டில் அந்த இரண்டு எழுத்துகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதை மறந்துடாதீங்க. முன்னாடியே சேமித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சிஸ்டம்டி டைமர் என்றால்: 'சுடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ்' போட்டு டைமரின் பெயரைக் கொடுங்கள். '--நவ்' இல்லாவிட்டால், அடுத்த பூட்டுக்குத்தான் நிற்கும், இப்போது ஓடுவது நிற்காது. வேறு சாஃப்ட்வேர் அதை மறுபடி எழுப்பினால், 'டிசேபிள்' என்ற இடத்தில் 'மாஸ்க்' போடுங்கள். அதன் பிறகு யாராலும் சாதாரணமாக எழுப்ப முடியாது.

சில நொடிகளில் திரும்ப வரும் சர்வீஸ் என்றால்: 'கில்' வேண்டாம். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' கொடுங்கள். கில் செய்தால் 'விழுந்துவிட்டது' என்று நினைத்து சிஸ்டம்டி தூக்கிவிடும். ஸ்டாப் என்றால் 'வேண்டாம் என்கிறார்' என்று புரிந்துகொண்டு விட்டுவிடும்.

நிறுத்தக்கூடாத வேலையும் இருக்கு

தொல்லை தரும் எல்லாமே நிறுத்த வேண்டியவை அல்ல. பகல் 11.55-க்கு சைட் மெதுவாகிறது என்று பாதுகாப்பு அப்டேட்டையே நிறுத்தினால், திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். பழைய லாக் ஃபைல்களைச் சுருக்கும் 'லாக்ரொடேட்' வேலையை நிறுத்தினால், சில மாதங்களில் டிஸ்க் நிரம்பிவிடும்.

அப்படிப்பட்ட வேலைகளுக்கு நேரத்தை மாற்றினாலே போதும். நமக்கு நள்ளிரவு 2.30 வேண்டும் என்றால், யுடிசி சர்வரில் முந்தைய நாள் இரவு 9 மணி, அதாவது 21.00 என்று போடுங்கள்.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை, முடிய 8 நிமிடம் எடுத்தால் என்ன ஆகும்? முதல் வேலை முடியும் முன் இரண்டாவது தொடங்கும், பிறகு மூன்றாவது. கிரான் இதைக் கண்டுகொள்ளாது. ஒரே பெயரில் பத்துப் பதினைந்து ப்ராசஸ் வரிசையாகத் தெரிந்தால் இதுதான் காரணம். கமாண்டுக்கு முன்னால் 'எஃப்லாக் -என்' என்று போட்டு ஒரு பூட்டு ஃபைலின் பெயரைக் கொடுத்தால், முந்தையது முடியாதவரை அடுத்தது ஓடாது.

மைனிங் மால்வேர்: உண்மையில் நடந்தது என்ன?

இரண்டாவது காட்சி கற்பனை இல்லை. கின்சிங் என்ற மால்வேர் பற்றி அக்வா செக்யூரிட்டி நிறுவனம் 2020 ஏப்ரலில் விளக்கமாக எழுதியது. பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த டாக்கர் போர்ட்கள் வழியாக அது சர்வருக்குள் நுழைந்தது. பிறகு, நிமிடத்துக்கு ஒருமுறை தன் ஸ்கிரிப்ட்டைத் திரும்ப டவுன்லோடு செய்து ஓட்டும் வரியைக் கிரானில் எழுதி வைத்தது. நோக்கம், உங்கள் சர்வரின் மின்சாரத்திலும் வாடகையிலும் அவர்களுக்குக் கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது.

அந்த மைனர் வைத்துக்கொண்ட பெயர் 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ'. லினக்ஸ் கெர்னலில் உண்மையாகவே 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்' என்று ஒரு ப்ராசஸ் உண்டு. கடைசியில் 'ஐ' என்ற ஒரே எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். அவசரத்தில் பார்ப்பவர், சிஸ்டத்தின் ப்ராசஸ் என்று நினைத்து விட்டுவிடுவார். இதைக் கில் செய்து செய்து ஓய்ந்துபோனவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். கிரான் வரி இருக்கும்வரை அது வந்துகொண்டேதான் இருக்கும்.

2021 நவம்பரில் இன்னொரு தந்திரம் வெளியே வந்தது. ஆன்லைன் கடைகளின் சர்வர்களைக் குறிவைத்த 'கிரான்ராட்' என்ற மால்வேரை சான்செக் நிறுவனம் கண்டுபிடித்தது. அது தன் கோடைக் கிரான் பட்டியலில் பிப்ரவரி 31-ம் தேதிக்கான வேலையாக ஒளித்து வைத்திருந்தது. இல்லாத தேதி என்று யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற கணக்கு. அதனால் நடக்கவே முடியாத தேதி போட்ட வரி கிரானில் இருந்தால், தப்பு என்று சிரித்துவிட்டுப் போகாதீங்க.

திருட்டு வரியை அடையாளம் காண்பது எப்படி?

* 'கர்ல்' அல்லது 'டபிள்யூகெட்' மூலம் எங்கிருந்தோ ஒன்றை டவுன்லோடு செய்து, அதை அப்படியே ஷெல்லுக்கு அனுப்பும் வரி.
* இணையதளப் பெயர் இல்லாமல் வெறும் ஐபி எண் மட்டும் இருப்பது.
* 'பேஸ்64' என்ற சொல்லும், அர்த்தமில்லாத நீண்ட எழுத்துக் கூட்டமும்.
* 'டெம்ப்', 'வார் டெம்ப்', 'டெவ் எஸ்ஹெச்எம்' ஃபோல்டர்களில் உள்ள ஃபைல்களை ஓட்டுவது.
* புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபைல் பெயர்.
* ரூட்டாக இருந்தும் அந்தக் கிரான் ஃபைலை அழிக்க முடியாமல் போவது. 'எல்எஸ்ஏடிடிஆர்' கொடுத்துப் பாருங்கள். 'ஐ' என்ற எழுத்து தெரிந்தால், மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஹேக் ஆனது உறுதியானால் என்ன செய்யணும்?

கிரான் வரியை எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்காதீங்க. அது அவர்கள் விட்டுச்சென்ற ஒரு தடம் மட்டும்தான். உள்ளே வந்த வழி இன்னும் திறந்தே இருக்கும்.

1. சர்வரை இணையத்திலிருந்து துண்டியுங்கள், அல்லது ஃபயர்வாலில் உங்கள் ஐபி மட்டும் வருமாறு மாற்றுங்கள்.
2. எதையும் அழிக்கும் முன், கிளவுட் பேனலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள்.
3. வேறு கம்ப்யூட்டரிலிருந்து எல்லா பாஸ்வேர்டுகளையும், ஏபிஐ கீகளையும் மாற்றுங்கள்.
4. எஸ்எஸ்ஹெச் அனுமதிப் பட்டியலான 'ஆதரைஸ்டு கீஸ்' ஃபைலில் தெரியாத சாவி இருக்கிறதா என்று பாருங்கள்.
5. முடிந்தால் அந்த சர்வரைச் சுத்தம் செய்ய முயலாமல், புது சர்வரில் நல்ல பேக்கப்பிலிருந்து தொடங்குங்கள். ரூட் அதிகாரம் ஒருமுறை கைமாறிய சர்வரை முழுசா நம்ப முடியாது.

நிறுவனம் நடத்துபவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவுப்படி, அதில் குறிப்பிட்ட சைபர் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தடயத்தை அழிக்காதீங்க என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேக் வைத்திருப்பவர்கள் எங்கே பார்க்கணும்?

மேக்கும் யூனிக்ஸ் குடும்பம்தான். ஆனால் அங்கே இந்த வேலையை 2005 முதல் 'லாஞ்ச்டி' பார்த்துக்கொள்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் போய், 'லாகின் ஐட்டம்ஸ்' பகுதியைத் திறங்கள். பின்னணியில் ஓட அனுமதி உள்ள ஆப்களின் பட்டியல் அங்கே இருக்கும். தேவையில்லாததை ஆஃப் செய்யலாம். இன்னும் ஆழமாகத் தேட, லைப்ரரி ஃபோல்டருக்குள் 'லாஞ்ச்ஏஜென்ட்ஸ்', 'லாஞ்ச்டீமன்ஸ்' என்ற ஃபோல்டர்களைப் பாருங்கள். ஆப்பை டிராஷில் போட்ட பிறகும் அதன் அலாரம் இந்த ஃபோல்டர்களில் மிச்சம் இருப்பது உண்டு.

சுருக்கமாக..

* திரும்ப வரும் இடைவெளியைக் குறியுங்கள். சில நொடி என்றால் சர்வீஸ், ஒரு நிமிடமோ அதற்கு மேலோ என்றால் கிரான் அல்லது டைமர்.
* சர்வர் யுடிசி-யில் இருந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கணக்கில் எடுங்கள்.
* 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' உடன் பிஐடி கொடுத்து, எழுப்புவது யார் என்று பாருங்கள்.
* உங்கள் கிரான்டேப் மட்டும் போதாது. எட்டு இடங்களிலும் தேடுங்கள்.
* முதலில் அலாரம், பிறகு ப்ராசஸ்.
* அழிக்கும் முன் காப்பி எடுங்கள். # போட்டு நிறுத்தி, இரண்டு நாள் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்களே கிரானில் ஒரு வேலை எழுதினால், அதற்கு மேல் வரியில் # போட்டு எதற்காக, யார், எந்தத் தேதியில் எழுதியது என்று குறித்து வையுங்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் கிரான் அதை மறக்காமல் ஓட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து வருபவர் நடு ராத்திரியில் உட்கார்ந்து தேடும்போது, அந்த ஒரு வரி அவருக்குப் பல மணி நேரத்தை மிச்சம் பண்ணும்.